ஒரே பொறி: தொடக்கியும் பிறப்பாக்கியும்

நேரோட்ட மோட்டரையும் நேரோட்டப் பிறப்பாக்கியையும் தனித்தனி அலகுகளாகக் கற்றிருப்பீர்கள். அமைப்பில் இரண்டும் ஒன்றே. காந்தப் புலம், ஆமேச்சர், திசைமாற்றி, தூரிகைகள் என்பன இரண்டிலும் உண்டு. அப்படியாயின் ஒரு விமான எஞ்சினில் இரண்டு பொறிகளைச் சுமப்பது ஏன்? தொடக்கி மோட்டர் சில செக்கன்கள் மட்டுமே வேலை செய்து, பறப்பு முழுவதும் வீண் பாரமாக இருக்கிறதல்லவா?

முசலங்களைக் கொண்ட சிறிய விமான எஞ்சினை முதலில் எடுப்போம். அமுக்க அடிப்பின் எதிர்ப்பை மேவிச் சுழற்றுவதற்குப் பெரிய முறுக்கம் தேவை. ஆகவே தொடக்கியின் சிறிய பற்சில்லு, எஞ்சினின் பெரிய பல்வளையத்தைச் சுழற்றுகிறது. வேக விகிதம் 15 : 1 எனக் கொள்க. எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்றுகளை அடையும்போதும் இந்தப் பற்சில்லு இணைந்தே இருந்தால், ஆமேச்சர் 40,500 சுற்றுகள் சுழல வேண்டும். மையநீக்க விளைவால் அதன் சுருள்கள் பிய்ந்துவிடும். எனவேதான் எஞ்சின் தொடங்கியதும் பற்சில்லு விலக்கப்படுகிறது. மின் பிறப்பிக்க வேறொரு பொறி பொருத்தப்படுகிறது.

சுழலி எஞ்சினில் நிலைமை வேறு. அதில் அமுக்க அடிப்பு இல்லை. எனினும் சுழலியின் தண்டை உயர் வேகம் வரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஆகவே பொறியை நிலையான பற்சில்லுத் தொகுதியால் எப்போதும் இணைத்தே வைக்கலாம். செஸ்னா 208 கரவன் விமானத்தில் உள்ள பி.ரி.6ஏ எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம். அதன் மின்கலவடுக்கு 24 வோல்ற்று. பிறப்பாக்கியாகும்போது அதே பொறி 28 வோல்ற்றைத் தருகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சுற்றின் மொத்தத் தடை 0.02 ஓம் எனக் கொள்க.

மின்னோட்டம் = (மின்கலவடுக்கின் மி.இ.வி. − பின் மி.இ.வி.) ÷ மொத்தத் தடை

ஆளியை மூடும் கணத்தில் ஆமேச்சர் ஓய்வில் உள்ளது, பின் மி.இ.வி. பூச்சியம். ஓட்டம் 24 ÷ 0.02 = 1200 அம்பியர். வேகம் கூடிப் பின் மி.இ.வி. 16 வோல்ற்றாகும்போது ஓட்டம் 400 அம்பியராகக் குறையும். அப்போது வழங்கும் வலு 9600 உவாற்று. அதில் 6400 உவாற்று பொறிமுறை வலுவாகிறது, மிகுதி 3200 உவாற்று வெப்பமாகிறது. எஞ்சின் தானே ஓடத் தொடங்கிப் பின் மி.இ.வி. 28 வோல்ற்றானால் (24 − 28) ÷ 0.02 = −200 அம்பியர். இந்த மறைக் குறியைப் பலர் பிழையென நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம்! ஓட்டத்தின் திசை மாறிவிட்டது. மோட்டர் பிறப்பாக்கியாகி மின்கலவடுக்கை ஏற்றுகிறது என்பதே அதன் கருத்து.

எஞ்சினின் வேகம் மாறும்போதும் 28 வோல்ற்று மாறாதிருப்பது எப்படி? மி.இ.வி. காந்தப் பாயத்துக்கும் வேகத்துக்கும் நேர்விகிதசமன். ஆகவே சீராக்கி, புலச் சுருளின் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மி.இ.வி. 24 வோல்ற்றிலும் குறைந்தால் பொறி மறுபடியும் மோட்டராகி மின்கலவடுக்கை வெறுமையாக்கும். அதைத் தடுக்கக் கட்டுப்பாட்டலகு சுற்றைத் துண்டிக்கும்.

மின்கலவடுக்கு பலவீனமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். அகத்தடை கூடும், ஓட்டம் குறையும், முறுக்கமும் குறையும். சுழலி மெதுவாகச் சுழல்வதால் உள்ளே வரும் காற்றும் குறைவு. கரவனில் வாயுப்பிறப்பாக்கித் தண்டு முழு வேகத்தின் 12 சதவீதத்தையாவது அடைந்த பின்னரே விமானி எரிபொருளைத் திறக்க வேண்டும். பொறுமையிழந்து முன்னரே திறந்தால், குளிர்விக்கப் போதிய காற்று இல்லாத தீயில் சுழலியின் அலகுகள் சில செக்கன்களிலேயே கெட்டுப்போகும். சரியாகத் தொடங்கினால், ஏறத்தாழ 52 சதவீதத்தில் தொடக்கி ஆளி நிறுத்தப்படும். அதன்பின் பொறி பிறப்பாக்கியாக இயங்கும்.

ஒரே பொறியால் நிறை குறைகிறது. ஆனால் தூரிகைகளுக்கு ஓய்வில்லை. அவை தேய்வதைக் குறித்த காலத்துக்கொருமுறை பரிசோதிக்க வேண்டும்.

பயிற்சி: மேற்படி சுற்றில் மின்கலவடுக்கு பழுதடைந்து மொத்தத் தடை 0.03 ஓம் ஆகியது. (அ) தொடக்க ஓட்டம் யாது? (ஆ) காந்தப் பாயம் மாறவில்லையெனின் தொடக்க முறுக்கம் முன்னையதன் என்ன பின்னம்? (இ) எந்தப் பின் மி.இ.வி. இல் ஓட்டம் பூச்சியமாகும்?

விடைகள்: (அ) 800 அம்பியர் (ஆ) மூன்றில் இரண்டு (இ) 24 வோல்ற்று