இளம் பெண்களும் மார்புப் புற்றுநோயும்: எந்தப் படம் எடுப்பது?

மார்புப் புற்றுநோய் பெரும்பாலும் வயது கூடிய பெண்களுக்கே வருகிறது. ஆயினும் சில குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதிலேயே வந்துவிடுகிறது. இக்குடும்பத்துப் பெண்கள், கட்டி எதுவும் தென்படாதபோதே வைத்திய ஆலோசனை பெறுவது நல்லது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்புப் புற்றுநோய் வந்திருந்தால், அல்லது நெருங்கிய உறவினர் பலருக்கு மார்பு, சூலகப் புற்றுநோய்கள் வந்திருந்தால் ஆபத்து அதிகம். தகப்பன் வழியையும் கணக்கில் எடுக்கவேண்டும். பழுதான பரம்பரை அலகு தகப்பனிடமிருந்தும் மகளுக்கு வரலாம்.

மூன்று வகைப் படங்கள்

1. மமோகிராம்: இது எக்ஸ்றே படம். இளம் பெண்ணின் மார்பு இழையம் அடர்த்தியானது. படத்தில் வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயும் வெள்ளையாகவே தெரியும். இளம் பயிருக்குள் நெல்லைப் போன்ற களையைத் தேடுவது போன்றது இது. ஆகவே ஆபத்து அதிகமுள்ள இளம் பெண்ணுக்கு மமோகிராமில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது.

2. கேளா ஒலி ஸ்கான்: கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். இளம் பெண்ணின் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் வழக்கமாக முதலில் செய்வது இதையே. ஆனால் சில ஆரம்பப் புற்றுநோய்களை இது தவறவிடும்.

3. எம்.ஆர்.ஐ. ஸ்கான்: காந்த சக்தியால் எடுப்பது. நெதர்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள 1,909 பெண்களிடம் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. இழையத்துள் ஊடுருவிய புற்றுநோய்களில் நூற்றுக்கு 80 வரை எம்.ஆர்.ஐ. காட்டியது, மமோகிராம் 33, கைப்பரிசோதனை 18 மட்டுமே. ஆனால் எம்.ஆர்.ஐ. சிலவேளை புற்றுநோய் அல்லாததையும் சந்தேகமாகக் காட்டும். அப்போது ஊசியால் இழையம் எடுத்துச் சோதிப்பர்.

பழுதான அலகு உள்ளதென உறுதியானவர்களுக்கு 30 முதல் 49 வயது வரை வருடந்தோறும் எம்.ஆர்.ஐ., 40இலிருந்து மமோகிராமும் என்பது பிரித்தானிய வழிகாட்டல்.

நாம் செய்யக்கூடியது

எம்.ஆர்.ஐ. எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, செலவும் கூடியது. யாருக்குத் தேவை என்று வைத்தியர் தீர்மானிக்க உங்கள் குடும்ப விபரம் அவசியம். இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்திருக்கலாம், உறவினர் சிதறியிருக்கலாம். யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கட்டி, முலைக்காம்பில் இரத்தக் கசிவு, தோல் உட்குழிதல் கண்டால் எந்த வயதினரும் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கலந்துரையாடுக

1. நம் குடும்பத்தில் இந்நோய் பற்றிப் பேசத் தயங்குவது ஏன்?
2. தகப்பன் வழி உறவினரின் விபரங்களை யாரிடம் கேட்டறியலாம்?