கம்பளைக்கு மேலுள்ள காடும் மகாவலியின் நீரும்

குளிர்நாடுகளில் மலைக்காடு வெண்பனியைத் தன் நிழலிற் காத்து, அது மெல்ல உருகி ஆற்றிற் சேரும்படி செய்கின்றது. வெண்பனி பெய்யாத இலங்கையில் நீரைச் சேமித்து வைப்பது காட்டு மண்ணேயாகும். ஹோட்டன் சமவெளி போன்ற உயர்நிலங்களில் மரங்கள் மழையை மட்டுமன்றி மூடுபனியையும் இலையிலும் பாசியிலும் தாங்கித் துளித்துளியாகச் சொட்டுகின்றன. சருகு மூடிய மண் அந்நீரை உறிஞ்சி, மழையற்ற மாதங்களில் ஊற்றாக வெளிவிடுகின்றது.

கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக மலைநாட்டுக் காடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காக்குமாறு தாவரவியல் அறிஞர் யோசேப்பு ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். 1947 ஆகஸ்டில் மகாவலி கங்கை பெருகிக் கம்பளையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அளவிறந்த மழையால் வரும் வெள்ளத்தைக் காடு முற்றாகத் தடுக்க இயலாது. ஆயினும் சாதாரண மழையின் வேகத்தைத் தணித்து, மண்ணரிப்பைப் பெரிதும் குறைக்கும். அரிக்கப்பட்ட மண் வயலுக்கும் உதவாது. 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்திற் படிந்து அதன் கொள்ளளவையும் குறைக்கும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. ஊற்றுக்கண்களையும் ஓடைக்கரைகளையும் சூழ்ந்த மரங்களை வெட்டலாகாது.

2. ஊற்றுக்கருகே யூக்கலிப்டசு நடுதல் தகாது; அது மிகுந்த நீரை உறிஞ்சும்.

3. சரிவுகளில் சமவுயரக் கோட்டின் வழியே வடிகாலும் கல்லணையும் அமைத்தல் வேண்டும்.

4. தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிலத்தை வெறுமையாக விடாது, மூடாக்கு இடுதல் வேண்டும்.

மேட்டில் ஒருவர் காக்கும் மண், பள்ளத்தில் பலரைக் காக்கும்.