துணை நிற்போரும் கதைமாந்தரே

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. பின்னர், தொடர்ந்து வரும் நடவடிக்கைகளைச் செய்திடுக.

'தனிமரம் தோப்பாகாது' என்பது நாம் நன்கு அறிந்த பழமொழி. மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள டுரியான் துங்கால் என்னும் ஊரின் பெயர் இப்பழமொழியை நினைவூட்டுகிறது. மலாய்மொழியில் 'துங்கால்' என்றால் ஒற்றை, தனித்தது என்பது பொருள். ஆனால், டுரியான் மரம் தனித்து நின்றால் நன்றாகக் காய்ப்பதில்லை. பல வகை டுரியான் மரங்களின் பூக்கள் காயாக மாற வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். அந்த மகரந்தத்தை இரவில் சுமந்து வருபவை பெரும்பாலும் வௌவால்களே. பழத்தைச் சுவைப்பவர் வௌவாலை நினைப்பதில்லை. ஆனால், வௌவால் இல்லையேல் பழமும் குறைவுதான்.

கதைகளுக்கும் இஃது பொருந்தும். கதையைத் தாங்கி நடப்பவரை முதன்மைக் கதைமாந்தர் என்றும், அவரோடு தொடர்புடைய பிறரைத் துணைக் கதைமாந்தர் என்றும் நாம் பகுத்துக் கற்கிறோம். ஒரு சிறுகதையில் துணைக் கதைமாந்தர் சில பக்கங்களில் வந்து போய்விடுவர். பல ஆண்டுகள் நீளும் அசைவூட்டத் தொடர்களிலோ நிலைமை வேறு. முதல் தொடரில் நாயகனின் வகுப்புத் தோழனாக வந்தவன், அதன் தொடர்ச்சியிலும் வரவேண்டும். அதற்கடுத்த தொடர்ச்சியிலும் வரவேண்டும். அவனுக்கு அங்கு என்ன வேலை? இக்கேள்விக்குக் கதையாசிரியர் அளிக்கும் விடையே அத்தொடரின் தரத்தைக் காட்டிவிடும்.

ஏணியில் ஏறாதவர்கள்

ஜப்பானில் உருவாகும் அசைவூட்டப் படைப்புகள் உலகெங்கும் 'அனிமே' என்று வழங்கப்படுகின்றன. அவற்றுள் 'டிராகன் பால்' தொடர் 1986ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் தொடர்ச்சிகள் 1989ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முதல் தொடரில் கோக்கு என்னும் சிறுவனுக்கு ஈடுகொடுத்துப் போரிடும் வீரர்கள் பலர் இருந்தனர். யாம்ச்சா, தியன்ஷின்ஹான், கிரிலின் ஆகியோர் அவர்களுள் சிலர்.

தொடர்ச்சி வந்தபோது புதிய பகைவர்கள் விண்ணிலிருந்து வந்தனர். ஒவ்வொரு பகைவனும் முந்தையவனைவிட வலியவன். அவனை வெல்ல கோக்குவும் மேலும் வலியவனாக வேண்டியிருந்தது. இவ்வாறு வலிமை ஓர் ஏணியாயிற்று. நாயகனும் பகைவனும் படிப்படியாக ஏற, மற்றவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தனர். ஒரு காலத்தில் கோக்குவை எதிர்த்து நின்ற யாம்ச்சா, தொடர்ச்சியின் தொடக்கத்திலேயே பகைவர் விதைபோல் மண்ணில் இட்டு முளைக்கவைத்த சிற்றுயிர் ஒன்றிடம் உயிரிழக்கிறான். அதன்பின் அவன் மீண்டு வந்தாலும், இரசிகர்களின் நகைப்புக்கே உரியவனானான்.

கிரிலினின் நிலை சற்று வேறுபட்டது. அவனைப் பகைவன் ஃபிரீசா கொல்லும்போது, அந்தச் சினத்தில்தான் கோக்குவின் பேராற்றல் வெளிப்படுகிறது. அக்காட்சி இன்றும் புகழ்பெற்றது. எனினும், அங்கு நண்பனின் உயிர் நாயகனின் வளர்ச்சிக்கு எரிபொருளாகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இறந்தால்தான் ஒருவன் கதையில் மதிப்புப் பெறுவான் என்றால், வாழும்போது அவனுக்கு உரிய இடத்தைக் கதை தரவில்லை என்றே பொருள்.

தனக்கென ஒரு கடமை

2002ஆம் ஆண்டு தொடங்கிய 'நருத்தோ' தொடரும் இதே சிக்கலை எதிர்கொண்டது. அதன் தொடர்ச்சியான 'ஷிப்புடென்' 2007 முதல் 2017 வரை ஒளிபரப்பானது. முதல் தொடரில் ராக் லீ என்னும் மாணவன் அனைவர் மனத்தையும் கவர்ந்தான். பிற நிஞ்சாக்கள் அறிந்த மாய வித்தைகள் அவனுக்கு வாரா. உடற்பயிற்சி ஒன்றையே நம்பி உழைத்தான். காரா என்னும் வலியவனோடு அவன் மோதிய தேர்வுப் போட்டி, உழைப்பின் பெருமையை எடுத்துக்காட்டியது. ஆனால், தொடர்ச்சியில் பேராற்றல்களின் போட்டி பெருகியபோது, ராக் லீயின் உழைப்புக்குக் கதையில் இடம் சுருங்கியது.

அதே தொடரில் ஷிக்கமாரு என்பவன் மட்டும் சுருங்கவில்லை. அவன் பெரிய வலிமையாளன் அல்லன், சோம்பல் மிகுந்தவன், ஆனால், கூர்மையான அறிவுடையவன். அவனுடைய ஆசிரியர் அசுமா பகைவரால் கொல்லப்படுகிறார். அத்துயரைத் தாங்கி, திட்டம் வகுத்து, ஆசிரியரைக் கொன்றவனைத் தன் சூழ்ச்சித் திறத்தால் ஷிக்கமாருவே வீழ்த்துகிறான். அப்பணியை நாயகன் நருத்தோ அவனுக்காகச் செய்துவிடவில்லை. அடுத்த தலைமுறையின் கதையான 'போருத்தோ'வில், ஊர்த்தலைவனாகிவிட்ட நருத்தோவுக்கு ஷிக்கமாருவே ஆலோசகனாக விளங்குகிறான்.

ராக் லீக்கும் ஷிக்கமாருவுக்கும் இடையே வேறுபாடு எங்குள்ளது? ராக் லீ நாயகனோடு ஒரே அளவுகோலால், அதாவது போர் வலிமையால், அளக்கப்பட்டான். ஷிக்கமாருவுக்கோ நாயகனிடம் இல்லாத ஒரு திறனும், நாயகனுக்கு உரியதல்லாத ஒரு துயரமும் இருந்தன. ஆகவே, கதை எவ்வளவு நீண்டாலும் அவன் தேவைப்பட்டான்.

மதிப்போடு விடைகொடுத்தல்

எல்லாத் துணைக் கதைமாந்தரையும் எப்போதும் உடன் அழைத்துச் செல்ல இயலாது. 1997ஆம் ஆண்டு தொடங்கிய 'போக்கிமோன்' தொடர் இதற்கு வேறொரு வழியைக் கண்டது. நாயகன் ஆஷ் புதிய நிலப்பகுதிக்குச் செல்லும்போது, அவனுடைய பயணத் துணைவர்களும் மாறினர். மிஸ்டி என்னும் தோழி, தன் குடும்பத்தின் பயிற்சிக்கூடத்தைப் பொறுப்பேற்க ஊர் திரும்பினாள். பிராக் என்னும் தோழன், மருத்துவனாக வேண்டும் என்ற குறிக்கோளோடு பிரிந்தான். இருவரும் காரணமின்றி மறையவில்லை. தத்தம் வாழ்வை நோக்கிச் சென்றனர். ஒருவருக்கு விடைகொடுக்கும்போது அவருக்கென ஒரு வழியையும் காட்டுவது நல்ல கதையாசிரியரின் பண்பாகும்.

நம் நாட்டுத் தொடர்களில்

நம் நாட்டிலும் நீண்டகாலம் ஓடும் அசைவூட்டத் தொடர்கள் உள்ளன. 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் 'உப்பின் இப்பின்' தொடர் தொடங்கியது. இரட்டைச் சிறுவர்களே நாயகர்கள். எனினும், கம்போங் டுரியான் ருந்தோவில் வாழும் அவர்களுடைய நண்பர்களை நாம் மறப்பதில்லை. பந்துன் பாடும் ஜார்ஜிட், எதையேனும் விற்றுக்கொண்டிருக்கும் மாயில், இந்தோனேசியாவிலிருந்து வந்து சேர்ந்த சுசந்தி, காளை வளர்க்கும் ராஜு என ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. இத்தொடரில் யாரும் வளர்ந்து பெரியவராவதில்லை. வலிமை என்னும் ஏணியும் இல்லை. ஆகவே, ஓர் அத்தியாயத்தை நண்பர்களுள் ஒருவருக்கு முழுமையாகக் கொடுத்துவிட முடிகிறது.

'போபோய்போய்' தொடரின் நிலை வேறு. 2011ஆம் ஆண்டு தொடங்கிய இத்தொடரை நிஜாம் ரசாக் இயக்கினார். 2016ஆம் ஆண்டு திரைப்படமாகவும், அதே ஆண்டில் 'போபோய்போய் கேலக்சி' என்னும் தொடர்ச்சியாகவும், 2019ஆம் ஆண்டு இரண்டாம் திரைப்படமாகவும் அது வளர்ந்தது. நாயகன் போபோய்போய் முதலில் மூவராகப் பிரியும் ஆற்றல் பெற்றவன். கதை வளர வளர அவனுடைய மூலக ஆற்றல்கள் ஏழாயின. நாயகனே எழுவராகப் பிரிந்து நிற்கும்போது நண்பர்களுக்கு என்ன வேலை எஞ்சும்? இத்தொடரின் ஆசிரியர்கள் எதிர்கொண்ட பெரிய சிக்கல் இதுவே.

அந்நண்பர்களுள் ஒருவன் கோபால். அவன் நம் நாட்டு இந்தியச் சிறுவன். பொருள்களை உணவுப் பண்டங்களாக மாற்றுவது அவனுடைய ஆற்றல். அவன் உணவை விரும்புபவன், எளிதில் அஞ்சுபவன், நம்மைச் சிரிக்க வைப்பவன். ஆனால், அவன் வெறும் நகைச்சுவைப் பாத்திரம் அல்லன். கதை பூமியை விட்டு விண்வெளிக்குச் சென்றபோது அவனும் நாயகனோடு சென்றான். அச்சம் இல்லாதவன் ஆபத்தை நோக்கிச் செல்வதில் வியப்பில்லை. அஞ்சுகின்ற ஒருவன், அஞ்சிக்கொண்டே நண்பனைவிட்டுப் பிரியாமல் செல்வதுதான் நட்பு. அந்த வகையில் எழுவராகப் பிரியக்கூடிய போபோய்போயாலும் செய்ய முடியாத ஒன்றைக் கோபால் செய்கிறான். தன்னைத்தானே பல உருவங்களாகப் பெருக்கிக்கொள்ளலாம். தனக்குத்தானே நண்பனாக முடியாது.

இங்குத் தமிழ் மாணவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உள்ளது. ராஜுவும் கோபாலும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். நாடறிந்த தொடர்களில் நம் சாயலில் ஒரு முகத்தைக் காண்பது மகிழ்ச்சியே. ஆனால், அந்த முகம் எதற்காகக் காட்டப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பேச்சு வழக்கையோ பசியையோ அச்சத்தையோ காட்டிச் சிரிக்க வைப்பதோடு அவனுடைய பங்கு முடிந்துவிட்டால், பார்க்கும் பிற இனத்துப் பிள்ளை நம்மைப் பற்றி என்ன அறிந்துகொள்வான்? நம் பிள்ளையே தன்னைப் பற்றி என்ன எண்ணிக்கொள்வான்? மாறாக, அவனுக்கு ஒரு குடும்பம், ஒரு விருப்பம், தானே எடுக்கும் ஒரு முடிவு ஆகியவை தரப்பட்டால், சிரிப்போடு மதிப்பும் சேரும். துணைக் கதைமாந்தரை எவ்வாறு நடத்துவது என்னும் கேள்வி, ஒருவரையொருவர் எவ்வாறு மதிப்பது என்னும் கேள்வியும் ஆகும்.

தமிழ் காட்டிய வழி

ஒரு கதையின் தொடர்ச்சியில் துணைக் கதைமாந்தரை எவ்வாறு உயர்த்தலாம் என்பதற்குத் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தின் தலைவி கண்ணகி. மாதவி துணைக் கதைமாந்தருள் ஒருத்தி. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலைக்கு அக்காப்பியத்தில் மிகச் சிறிய இடமே உண்டு. ஆனால், அக்கதையின் தொடர்ச்சியாக அமைந்த சீத்தலைச் சாத்தனாரின் காப்பியம் அவளுடைய பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்விரண்டும் இரட்டைக் காப்பியங்கள் எனப் போற்றப்படுகின்றன.

மணிமேகலையைக் கண்ணகியின் மறுபதிப்பாகச் சாத்தனார் படைக்கவில்லை. கண்ணகி அரசவையில் நீதி கேட்டு, மதுரையை எரித்தாள். மணிமேகலையோ அமுதசுரபியை ஏந்தி, பசியால் வாடியோர்க்கு உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். ஒருத்தி மூட்டியது சினத்தீ. மற்றொருத்தி தணித்தது பசித்தீ. முன்னைய நாயகியைவிட வலியவளாக ஆக்காமல், வேறொரு பணி உடையவளாக ஆக்கியதே சாத்தனாரின் திறம். வலிமை ஏணியில் சிக்கித் தவிக்கும் இக்காலத் தொடர்கள் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்களும் கேட்கலாம்

இனி ஒரு தொடரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுப்பிப் பாருங்கள். நாயகனால் செய்ய இயலாத எதை இத்துணைக் கதைமாந்தர் செய்கிறார்? நாயகன் இல்லாத காட்சியிலும் இவருக்கு ஒரு வாழ்க்கை உள்ளதா? இவரைக் கதையிலிருந்து நீக்கினால், சிரிப்பு மட்டும் குறையுமா, அல்லது கதையே சாயுமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், அக்கதையாசிரியர் தம் கதைமாந்தரை மதிக்கிறார் என்று கூறலாம்.

கேள்வி கேட்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. அசைவூட்டத் துறைக்கு ஓவியம், கணினி, இசை, குரல், கதை எனப் பல திறன்கள் வேண்டும். டுரியான் துங்காலில் அமைந்துள்ள மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஊடாட்டு ஊடகம், கணினி விளையாட்டுத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களைப் பயில வாய்ப்புள்ளது. தோட்டப்புறத்திலும் சிற்றூரிலும் வளர்ந்த ஒரு மாணவர், நாளை இத்துறையில் நுழைந்து, தம் வீட்டையும் பள்ளியையும் நண்பர்களையும் கதையாக்கலாம். பிறர் எழுதிய கதையில் நமக்கு நல்ல இடம் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நாமே எழுதும் கதையில், நம்மோடு வாழும் மலாய்க்கார, சீன, பூர்வகுடி நண்பர்களுக்கு நல்ல இடம் தருவது நம் கடமை.

நடவடிக்கைகள்

1. ராக் லீ, ஷிக்கமாரு ஆகிய இருவரையும் கட்டுரையாசிரியர் ஒப்பிடுவதன் நோக்கம் யாது?

2. 'வலிமை ஓர் ஏணியாயிற்று' என்னும் தொடரின் பொருளை உமது சொந்த வாக்கியங்களில் விளக்குக.

3. கோபால் வெறும் நகைச்சுவைப் பாத்திரம் அல்லன் என்னும் கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.

4. நீங்கள் படித்த சிறுகதை அல்லது நாடகம் ஒன்றிலிருந்து துணைக் கதைமாந்தர் ஒருவரைத் தெரிவு செய்க. அவரை முதன்மைக் கதைமாந்தராகக் கொண்டு, அக்கதையின் தொடர்ச்சியை 120 சொற்களில் எழுதுக.