எழுத்தும் ஓவியமும்: தாராவிப் பெயர்ப்பலகைகள்

நுழையும்முன்

எழுத்து என்பது ஒலியின் வரிவடிவம் என்று இலக்கணத்தில் கற்றோம். அவ்வரிவடிவத்துக்கு அழகும் உண்டு, குணமும் உண்டு. ஒரு சொல்லைப் படிப்பதற்கு முன்பே அதன் தோற்றம் நம்மிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. எழுத்தின் தோற்றத்தாலேயே பொருளை உணர்த்தும் கலை, விளம்பரங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் எவ்வாறு செயற்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது. தமிழகத்துக்கு வெளியே தமிழ் எழுத்து உயிரோடு உலவும் தெருக்களுள் ஒன்றான தாராவியே இப்பாடத்தின் களம்.

பல எழுத்துகளின் தெரு

மும்பையில் மாகிம், சயான், மாதுங்கா ஆகிய பகுதிகளை ஒட்டி அமைந்தது தாராவி. நூறாண்டுகளுக்கும் முன்பிருந்தே திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழர் இங்கு வந்து குடியேறினர். தோல் பதனிடுதல் அவர்களுள் பலருக்கு வாழ்வளித்த தொழிலாகும். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை அமைத்தனர். இவ்வாறு பல மொழியினர் சேர்ந்து வாழ்வதால் தேவநாகரி, தமிழ், உருது, குசராத்தி, ஆங்கில எழுத்துகள் இங்கு அடுத்தடுத்த பலகைகளில் காணப்படுகின்றன. தொண்ணூறு அடிச் சாலை வழியே நடப்பவர், இட்லி மாவுக் கடையையும் முறுக்குக் கடையையும் தையற்கடையையும் தமிழிலேயே படித்தறியலாம்.

பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பில்லாத மும்பைத் தமிழ்க் குழந்தைக்குத் தெருப்பலகையே அரிச்சுவடி. ஆகவே அப்பலகையில் எழுத்து எவ்வாறு அமைகிறது என்பது வணிகருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

தூரிகை எழுதிய காலம்

பிளெக்ஸ் பலகைகள் பரவுவதற்கு முன் பெயர்ப்பலகைகளை ஓவியர்களே கையால் எழுதினர். சுண்ணப்பொடி தோய்த்த நூலைப் பலகையின் இரு முனைகளிலும் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அக்கோடுகளுக்குள் சாக்குக்கட்டியால் எழுத்துகளை வரைந்து, இடம் போதுமா என்று பார்த்த பின்னரே தட்டைத் தூரிகையால் எனாமல் வண்ணம் தீட்டுவர். எழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் அடர்ந்த வண்ணத்தில் 'ஷேடு' கொடுத்தால், எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்பதுபோல் தோன்றும்.

கடையின் தொழிலை எழுத்திலேயே காட்டுவது அவர்களது தனித்திறன். 'ஐஸ்' என்னும் சொல்லின் தலையில் வெண்பனி படிந்து உருகி வழியும். 'தையல்' என்னும் சொல்லின் ஓரங்களில் நூலோட்டம் போன்ற சிறு கோடுகள் செல்லும். படிக்கத் தெரியாதவருக்கும் அது என்ன கடை என்பது புரியும். இன்று கல்லூரிகளில் 'படைப்பாக்க எழுத்து வடிவமைப்பு' என்னும் பெயரில் கற்பிக்கப்படுவதன் அடிப்படையை இவர்கள் ஏணிமேல் நின்றபடியே செய்துவந்தனர்.

நல்ல வடிவமைப்பு எது?

எழுத்தில் படத்தைச் சேர்த்துவிட்டால் மட்டும் அது கலையாகிவிடாது. மூன்று கேள்விகளால் அதனைச் சோதிக்கலாம்.

முதலாவது, படம் எழுத்தின் இயல்பான வடிவத்திலிருந்தே பிறந்ததா? 'கண்' என்னும் சொல்லில் மெய்யின் மேலுள்ள புள்ளியைக் கருவிழியாக வரையலாம். அங்கே புதிதாக எதையும் ஒட்டவில்லை. 'மழை' என்பதில் ழகரத்தின் கீழ்வளைவிலிருந்து ஒரு துளி சொட்டுமாறு வரையலாம், அதுவும் அத்தகையதே.

இரண்டாவது, அது சொல்லின் பொருளோடு இயைகிறதா? மருந்துக்கடைப் பெயரைத் தீப்பிழம்புபோல் எழுதினால் கண்ணைக் கவரும், பொருளோடு பொருந்தாது.

மூன்றாவது, அணியெல்லாம் சேர்ந்த பின்னும் சொல்லைப் பிழையின்றிப் படிக்க முடிகிறதா? இக்கேள்வியே மற்ற இரண்டையும்விட முதன்மையானது.

உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. 'பெடெக்ஸ்' என்னும் அஞ்சல் நிறுவனத்தின் சின்னம் 1994-இல் உருவானது. அதன் ஆங்கில எழுத்துகள் இரண்டுக்கு இடையிலுள்ள வெற்றிடம் வலப்புறம் நோக்கிய அம்பாக அமைந்துள்ளது. அம்பைத் தனியே வரையவில்லை. எழுத்துகளை நெருக்கி அமைத்ததாலேயே அது தோன்றியது. விரைந்து சென்று சேர்ப்பது அந்நிறுவனத்தின் தொழில். வடிவமும் பொருளும் ஒன்றுபட்டன, படிப்பதற்கும் தடையில்லை.

புள்ளியின் பொறுப்பு

தமிழ் எழுத்தில் அழகுக்காகக் கைவைக்கக் கூடாத உறுப்புகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது புள்ளி. 'பல் மருத்துவமனை' என்னும் பலகையில் லகரத்தின் புள்ளி விடுபட்டால் அது 'பல மருத்துவமனை' ஆகிவிடும். பல்வலியோடு வருபவர் அதனைக் கடந்து சென்றுவிடுவார்.

ஓலைச்சுவடியில் புள்ளியிட்டால் ஓலை கிழியக்கூடும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் அதனைத் தவிர்த்தனர். இடமறிந்து படிப்பது கற்றோர்க்கு இயன்றது. தாளும் அச்சும் வந்தபின் அத்தடை நீங்கியது. ஓடும் பேருந்திலிருந்து பலகையைப் பார்ப்பவருக்கு இடமறிந்து படிக்க நேரமில்லை. ஆகவே புள்ளியைப் பூவாக மாற்றலாம், விண்மீனாக மாற்றலாம், விட்டுவிடுதல் ஆகாது.

கணினியால் நேரும் பிழை வேறுவகையானது. எழுத்துருவும் மென்பொருளும் பொருந்தாதபோது, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் சென்றுவிடும். புள்ளி தனியே விலகி நிற்கும். தமிழ் அறியாத அச்சகத்தார்க்கு அது பிழையெனத் தெரியாது. அதே வடிவம் பெரிய அளவில் அச்சாகிக் கடையின் நெற்றியில் ஏறிவிடும். கையால் எழுதிய ஓவியரிடம் இப்பிழை நேர்ந்ததில்லை. ஏனெனில் ஒவ்வோர் எழுத்தையும் அவர் முழு வடிவமாகவே வரைந்தார்.

தொங்கும் எழுத்தும் அமரும் எழுத்தும்

மகாராட்டிரத்தில் கடைப்பெயர் தேவநாகரி எழுத்தில் மராத்தியில் இடம்பெறுதல் வேண்டும். அவ்வெழுத்துகள் பிறமொழி எழுத்துகளைவிடச் சிறியனவாக இருத்தல் கூடாது. 2022-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் இவ்விதி பத்துக்கும் குறைவான பணியாளர் உள்ள சிறுகடைகளுக்கும் உரியதாயிற்று. விதி பிறமொழியைத் தடுக்கவில்லை. எனவே தாராவியின் சிறுகடைக்காரர் ஒரே பலகையில் மராத்திக்கும் தமிழுக்கும் இடம் காண வேண்டியுள்ளது. இது வடிவமைப்பாளரின் திறனைச் சோதிக்கும் களம்.

தேவநாகரி எழுத்துகள் தலைக்கோட்டிலிருந்து, கொடியில் உலரும் துணிபோலத் தொங்குகின்றன. தமிழ் எழுத்துகளுக்குத் தலைக்கோடு இல்லை; அவை அடிக்கோட்டின்மேல் அமர்கின்றன. மேலே விசிறியும் கீழே சுழியும் விரிவதால் அவற்றுக்கு இருபுறமும் இடம் வேண்டும். ணகரம், ஐகாரம் முதலியன அகலமானவை. ஆகவே ஒரே பெயரைத் தமிழில் எழுத நீளமான இடம் தேவைப்படும். இதனை எண்ணாமல் தமிழ்ச்சொல்லைக் கணினியில் நெருக்கினால் எழுத்துகள் நசுங்கித் தடுமாறும். இடத்தைப் பிரிக்கும்போதே தமிழுக்கு அகலமும் தேவநாகரிக்கு உயரமும் அளிப்பவரே தேர்ந்த வடிவமைப்பாளர்.

மும்பை தந்த எழுத்துருக்கள்

இச்சிக்கலுக்கு மும்பையிலேயே விடை தேடியவர்கள் உள்ளனர். விளம்பரத் துறையில் பணியாற்றியவரும், போவாய் ஐ.ஐ.டி.யில் கற்பித்தவருமான எழுத்துக்கலைஞர் ஆர். கே. ஜோஷி (1936–2008), விண்டோஸ் கணினிகளில் இடம்பெற்ற 'மங்கள்' என்னும் தேவநாகரி எழுத்துருவை உருவாக்கினார். 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவும் அவர் வழிகாட்டுதலில் உருவானதே.

பின்னர் 'ஏக் டைப்' என்னும் மும்பை நிறுவனம், இந்திய எழுத்துகள் பலவற்றை ஒரே குணத்தோடு வடிவமைத்தது. அதன் 'பாலூ' எழுத்துருக் குடும்பத்தில் பல மொழி எழுத்துகளுக்கு உறவுப்பெயர் உண்டு. குசராத்தி எழுத்துரு 'பாய்', மலையாளம் 'சேட்டன்', பஞ்சாபி 'பாஜி', கன்னடம் 'தம்ம', தெலுங்கு 'தம்முடு', தமிழ் 'தம்பி'. தமிழ் எழுத்து தமிழாகவே நிற்கிறது. ஆனால் பருமனும் வளைவும் ஒத்திருப்பதால், ஒரே பலகையில் எல்லாம் உடன்பிறந்தார்போல் காட்சியளிக்கின்றன. பல மொழியினர் ஒரு தெருவில் வாழும் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரீடு அரிது.

பார்க்கக் கற்போம்

தாராவி மறுசீரமைப்பால் பழைய தெருக்கள் மாறவுள்ளன. கையால் எழுதப்பட்ட பலகைகள் ஏற்கனவே குறைந்துவிட்டன. புதிய கட்டடங்களில் புதிய பலகைகள் எழும். அவற்றில் தமிழ் இடம்பெறுமா, இடம்பெற்றால் திருத்தமாக இடம்பெறுமா என்பது எழுதச் சொல்பவரையும், எழுதுபவரையும், படிப்பவரையும் பொறுத்தது. பிழையான புள்ளியைக் கண்டு கடைக்காரரிடம் பணிவோடு எடுத்துரைக்கும் மாணவர், நல்ல பலகையைக் கண்டு பாராட்டும் மாணவர் ஆகிய இருவருமே எழுத்தைக் காப்பவர் ஆவர்.

தெரிந்து தெளிவோம்

• இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான நூல் 'தம்பிரான் வணக்கம்'. இது 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது.
• பெரியார் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடு எழுதப்பட்டன. பழைய நூல்களில் அவ்வடிவங்களைக் காணலாம்.

சொல்லும் பொருளும்

தூரிகை – வண்ணம் தீட்டும் கருவி
அரிச்சுவடி – எழுத்துகளைக் கற்பிக்கும் முதல் நூல்
எழுத்துரு – ஒரே பாங்கில் வடிவமைத்த எழுத்துகளின் தொகுதி
இயைதல் – பொருந்துதல்
அணி – அழகு

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.
1. தலைக்கோட்டிலிருந்து தொங்குவதாகப் பாடம் கூறும் எழுத்து
அ) தமிழ் ஆ) தேவநாகரி இ) ஆங்கிலம் ஈ) உருது
2. அரிச்சுவடி + ஆகும் என்பதனைச் சேர்த்து எழுதக் கிடைப்பது
அ) அரிச்சுவடாகும் ஆ) அரிச்சுவடிவாகும் இ) அரிச்சுவடியாகும் ஈ) அரிச்சுவடிகும்

ஆ. குறுவினா
1. ஓலைச்சுவடியில் புள்ளி தவிர்க்கப்பட்டது ஏன்?
2. தெருப்பலகை யாருக்கு அரிச்சுவடியாகிறது?

இ. சிறுவினா
1. எழுத்து வடிவமைப்பைச் சோதிக்கும் மூன்று கேள்விகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. கையெழுத்துப் பலகைக்கும் கணினிப் பலகைக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.

ஈ. சிந்தனை வினா
அழகாக இருந்தும் படிக்க இயலாத பலகை, அழகின்றித் தெளிவாக உள்ள பலகை ஆகிய இரண்டனுள் ஒரு மருத்துவமனைக்கு எது ஏற்றது? காரணம் தருக.

மொழியை ஆள்வோம்

புள்ளியை நீக்கினால் வேறு பொருள் தரும் சொற்கள் மூன்றினை எழுதித் தொடரில் அமைக்க.
(எ.கா.) பல் – பல

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் பகுதியில் உள்ள தமிழ்ப் பெயர்ப்பலகைகள் ஐந்தினைப் பார்த்து எழுதுக. அவற்றில் பிழையிருப்பின் திருத்துக.
2. குடை, நிலா, பாம்பு ஆகிய சொற்களுள் ஒன்றனை, அதன் பொருள் வடிவத்திலேயே விளங்குமாறு வரைக. வகுப்புத் தோழர் ஒருவரிடம் காட்டி, அவர் பிழையின்றிப் படிக்கிறாரா எனச் சோதிக்க.