அப்பா வேண்டுமென்றே மறக்கவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்று போன வருடம் சொன்னார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர். இப்போது கேட்டால் ‘மாத்திரை போட்டுட்டேன்’ என்கிறார். பார்த்தால் அட்டையில் அப்படியே இருக்கிறது. போன வாரம் நீர் மாத்திரையை இரண்டு முறை போட்டுவிட்டார். வீட்டில் தினமும் சண்டை. இது வயதா, பிடிவாதமா டாக்டர்?
- வாசகி, மதுரை

பதில்: பிடிவாதம் இல்லை அம்மா. முதலில் சண்டையை நிறுத்துங்கள். பம்பிங் குறையும்போது மூளைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். ரத்தத்தில் சோடியம் இறங்குவது, ராத்திரி மூச்சு தடைபட்டுத் தூக்கம் கெடுவது, மனச்சோர்வு எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். நாற்பது வருடத்துக்கு முந்தைய கதையைப் பிசகாமல் சொல்பவர் காலையில் செய்ததை மறப்பார். அதனால்தான் வீட்டார் பிடிவாதம் என்று நினைக்கிறார்கள். இந்தக் காரணங்களில் சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு. அடுத்த முறை போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் மறதியைப் பற்றிச் சொல்லுங்கள்.

நாளும் வேளையும் பிரித்த மாத்திரைப் பெட்டியை வாரம் ஒருமுறை நீங்கள் நிரப்புங்கள். எடுத்துப் போடுவது அவராக இருக்கட்டும். அறை காலியா என்று பார்த்தாலே போதும், கேட்கவே வேண்டாம். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

நான் மிகவும் வற்புறுத்துவது எடை. காலையில் சிறுநீர் கழித்த பின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் பார்த்து, மாதக் காலண்டரில் அவர் கையாலேயே எழுதட்டும். தினசரி காலண்டர் வேண்டாம், தாளைக் கிழித்துவிடுவீர்கள். இன்றைய எண்ணிலிருந்து நேற்றையதைக் கழித்துப் பார்ப்பது கணக்கு வாத்தியாருக்குக் கைவந்த வேலை; அதை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, தேங்கிய நீர். பல சமயம் மூச்சிரைப்புக்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

உப்பு மிகுந்த ஊறுகாய், அப்பளம், கருவாடு வீட்டுக்குள் வராமல் இருந்தால் அவர் ஞாபகம் வைக்க வேண்டியதில் ஒன்று குறையும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் உடம்பில் நீரைத் தேக்கும், அவையும் வேண்டாம்.

மெல்ல வந்த மறதி வேறு. ஒரே நாளில் குழம்பிப் பேசினாலோ, பகலெல்லாம் எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ சோடியம் இறங்கியிருக்கலாம், கிருமித்தொற்றாக, பக்கவாதமாகக்கூட இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.