குப்பை மெயிலும் அதில் ஒளிந்து வரும் வைரஸும்

தேவையில்லாத மெயில் வந்து சேர்வதால் மட்டும் கம்ப்யூட்டர் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் நாம் ஒரு இடத்தில் அழுத்த வேண்டும். அப்படி அழுத்த வைக்கத்தான் அத்தனை அவசரமும் மிரட்டலும்.

செய்யக்கூடாதவை

• தெரிந்தவர் அனுப்பியது என்பதற்காக மட்டும் அட்டாச்மென்டைத் திறக்காதீர்கள். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் காதல் கடிதம் என்ற பெயரில்தான் வந்தது. கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் பின்னால் இருந்த ‘விபிஎஸ்’ என்ற வாலை விண்டோஸ் காட்டவில்லை. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரிலேயே அதே கடிதம் பறந்தது. மேலதிகாரியிடமிருந்து காதல் கடிதம் வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? பலர் ஆவலோடு திறந்தார்கள்.

• பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப் கோப்பு, அந்தப் பாஸ்வேர்டும் அதே மெயிலில். இப்படி வந்தால் தொடாதீர்கள். பூட்டிய கோப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

• வேர்டு, எக்செல் கோப்பைத் திறந்ததும் அதற்குள் இருக்கும் மேக்ரோ என்ற குட்டி நிரலை அனுமதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெறும் பில்லைப் படிக்க மேக்ரோ தேவையே இல்லை.

• முன்பின் தெரியாத குப்பை மெயிலுக்குப் பதில் எழுதாதீர்கள், திட்டிக்கூட. அதிலுள்ள ‘அன்சப்ஸ்கிரைப்’பையும் அழுத்த வேண்டாம், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொன்னதாகிவிடும். நீங்கள் பொருள் வாங்கிய கடையின் விளம்பரமென்றால் அது வேறு கதை, தாராளமாக விலகலாம்.

• இணையதள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். போலித் தளமும் அதை எளிதில் வாங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

• அனுப்பியவரின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் முழு முகவரியைப் பாருங்கள். ‘வருமான வரித் துறை’ என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். ரீஃபண்ட் வந்திருப்பதாக மெயில் சொன்னால் அதன் லிங்க் வழியாகப் போகாமல், துறையின் தளத்தை நீங்களே டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள்.

• விண்டோஸ் அப்டேட்டை ‘அப்புறம்’ என்று தள்ளாதீர்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய ‘வானாக்ரை’ வைரஸ் எந்த மெயிலையும் யாரும் திறக்கக் காத்திருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

• முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். எடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும்.

• குப்பை மெயிலை அழிப்பதோடு நிற்காமல் ‘ஸ்பாம்’ என்று குறியுங்கள்.

தவறிப்போய் அழுத்திவிட்டால்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், மறுநாள் கிளைக்குப் போய்க் கேட்கலாம் என்று இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. மெயில் கணக்கின் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியையும் பாருங்கள். அங்கே நீங்கள் வைக்காத முகவரி ஏதாவது இருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் அங்கே போய்க்கொண்டே இருக்கும்.