கேமராவுக்கும் பரீட்சை உண்டு

சம்மன் வந்துட்டா நம்ம பசங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. "கேமரா பொய் சொல்லாது, கட்டிட்டுப் போ" என்று ஒரு கட்சி. "எல்லாம் காசு பிடுங்குற வேலை" என்று இன்னொரு கட்சி. படிவம் 4, 5 மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு எந்தக் கட்சியிலும் சேர இஷ்டமில்லை. கேமராவும் மளிகைக்கடைத் தராசு மாதிரி ஓர் அளவுகருவி. அதையும் சோதிக்க வேண்டும்.

2003-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், வெஸ்டர்ன் ரிங் ரோடு நெடுஞ்சாலைக் கேமரா ஒன்று ஒரு பழைய டட்சன் 120ஒய் காரை மணிக்கு 158 கிலோமீட்டர் என்று பதிவு செய்தது. காரைச் சோதித்தார்கள்; முழுசா மிதிச்சாலும் அந்த வேகம் வரல. விசாரணை விரிந்து, 2004-ல் விக்டோரியா மாநில அரசு பல்லாயிரம் ஓட்டுநர்களின் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தது. லைசென்ஸ் பறிபோனவர்களும் அதில் இருந்தார்கள்.

சின்னப் பிழை எப்படி இவ்வளவு பெரிசாகும்? சாலையில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் என்று வைத்துக்கொள்வோம். 100-ல் போகும் கார் அதைக் கடக்க 0.072 வினாடி, 158-ல் போனால் 0.046. வித்தியாசம் வெறும் 0.026 வினாடி! முதல் உணரி தேய்ந்து அவ்வளவு நேரம் பிந்தினாலே நல்ல பிள்ளை குற்றவாளி ஆகிவிடுவான்.

ரேடார் கேமரா டாப்ளர் விளைவில் இயங்குகிறது. ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்ததும் சைரன் சுருதி இறங்குகிறதே, அதே பாடம்தான். இங்கே கோணம் முக்கியம். 20 பாகைக்கு அமைத்த கருவி 18 பாகைக்குத் திரும்பிவிட்டால், 120-ல் போகும் காரை 121.5 என்று காட்டும். (கோசைன் 18-ஐ கோசைன் 20-ஆல் வகுத்துப் பாருங்கள்.) ஒரு லாரி தூணை உரசினால் போதும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் அளவுத் திருத்தம் செய்த சான்றிதழ் மட்டும் போதாது. கருவி நிற்கும் இடத்திலும் சோதிக்க வேண்டும்.

அதைவிட நல்லது, வேறொரு முறையில் மறுபடி அளப்பது. பிரிட்டனில் காட்சோ கேமரா இருக்கும் இடத்தில் சாலையில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம். கார் எத்தனை கோடு தாண்டியது என்று எண்ணினால் போதும். 110-ல் போனால் 15.3 மீட்டர் நகர்ந்திருக்கும். ரேடார் சொன்னது பொய்யா மெய்யா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி உங்கள் மீட்டர். ஐ.நா. விதி 39-ன்படி அது உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக் கூடாது. ஆக, மீட்டர் 118, கேமரா 112 என்றால் அதிசயமில்லை. மீட்டர் 108 காட்டியும் சம்மனில் 125 இருந்தால், வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், படத்தையும் கடைசியாக அளவுத் திருத்தம் செய்த தேதியையும் கேளுங்கள். அதற்கு முன், ஸ்டைலுக்காகப் பெரிய டயர் மாட்டியிருக்கீங்களான்னு பாருங்க தம்பி. அப்படின்னா குறைச்சுக் காட்டுறது உங்க மீட்டர்தான்.